எட்டுக் கதவு வைத்த தொட்டி

தொட்டி என்ற சொல்லை நாக்கை அழுத்திச் சொன்னால் தண்ணீர். தளர்த்திச் சொன்னால் கக்கூஸ். அழுத்துவது தமிழுக்கும் தெலுங்குக்கும் பொது, தளர்த்துவது தெலுங்கு மட்டும். சித்தூர்ப் பக்கம் வளர்ந்த குழந்தைக்குக்கூட இது தெரியும். தமிழில் எழுதினால் மட்டும் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். ஆகவே இதைப் படிக்கிறவர்கள் காதையும் கொஞ்சம் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்போது எனக்குத் திருப்பதியில் ஒரு வேலை கிடைத்திருந்தது. வெளிநாட்டுப் பணத்தில் ஏழை ஊர்களுக்குக் கட்டடம் கட்டித் தரும் ஒரு தொண்டு நிறுவனம். பல நாடுகளில் கட்டியிருந்தார்கள். ஆபீஸ் சுவரில் பெரிய உலகப் படம் ஒன்று மாட்டி, கட்டிய இடங்களில் எல்லாம் சிவப்புத் தலை ஊசி குத்தியிருந்தார்கள். எங்கள் ஜில்லாவுக்கு ஒரே ஊசி. அதுவும் நகர்ந்து வேலூர்ப் பக்கம் நின்றது.

பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்ததோடு கல்யாணம். படித்த படிப்பு பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்தது. கணவர் துபாயில், ஏதோ ஒரு பெரிய ஹோட்டலுக்குக் குழாய் வேலை பார்க்கும் சூப்பர்வைசர். மகள் அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்தாள். தமிழும் தெலுங்கும் பேசி, வரைபடமும் படிக்கத் தெரிந்த ஒரு ஆள் வேண்டும் என்று என்னை எடுத்தார்கள். வேறு யாருடைய விண்ணப்பத்தையோ பார்த்து எனக்கு வேலை கொடுத்துவிட்டார்கள் என்று முதல் மாதச் சம்பளம் வரும்வரை நம்பிக்கொண்டிருந்தேன். வந்த பிறகும் அந்தச் சந்தேகம் முழுசாகப் போகவில்லை.

என் பொறுப்பில் விட்ட வேலை குடிபாலாவுக்குப் பக்கத்தில் ஒரு காலனி. எங்கள் வீடு இருந்த சித்தூரிலிருந்து வேலூர் பஸ்ஸில் ஏறினால் போய்விடலாம். மாமியார் திருமலைக்கு நடந்தே ஏறி முட்டி வீங்கி உட்கார்ந்துவிட்டதால், குழந்தையையும் தூக்கிக்கொண்டுதான் போனேன். ஒரு தோளில் குழந்தை, இன்னொரு தோளில் பை. பைக்குள் வரைபடம், அளவு டேப், மாற்றுத் துணி, கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீர் நிரப்பிய பிளாஸ்க்.

முதல் நாள், மேஸ்திரி சுண்ணாம்புத் தூளால் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். சுற்றி நின்று பார்த்தவர்கள் எல்லாரும் பெண்கள். ஆண்களில் பாதிப் பேர் பெங்களூரில் கட்டட வேலைக்கும், மிச்சப் பேர் தடா பக்கம் வந்திருந்த புதுக் கம்பெனிகளுக்கும் போயிருந்தார்கள். அந்தப் பெண்களில் மகளிர் சங்கத் தலைவியான அக்கா ஒருவர் இடுப்பில் காலிக் குடத்தோடு முன்னால் நின்றார். மற்றவர்கள் கைப்பை எடுத்துக்கொண்டு வருவது மாதிரி அவர் எங்கே வந்தாலும் அந்தக் குடமும் வரும்.

"ஏம்மா இஞ்சினீரம்மா, ஒரு டவுட்டு."

"சொல்லுங்கக்கா."

"தண்ணித் தொட்டிக்கு எதுக்கு எட்டு கதவு?"

வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. திருப்பிப் பார்த்தேன். எட்டு அறை, எட்டு கதவு.

"இது தண்ணித் தொட்டி இல்லக்கா. கக்கூஸ்."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். நீங்கதானே கேட்டீங்க?"

அவர் பின்னால் திரும்பினார். "ஏமே, நீ கேட்டியா?"

"நான் இன்னாத்துக்குக் கேக்கறேன்? நீ கேட்டியா?"

"எனுக்குத் தெரியாதும்மா. அவளைக் கேளு, அவதான் முன்னாடி உக்காந்துகினு இருந்தா."

கேள்வி அப்படியே கடைசி ஆள் வரை போய்த் திரும்பி வந்தது. யாரும் கேட்கவில்லை. மேஸ்திரி சுண்ணாம்புக் கூடையைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

என்ன நடந்தது என்பதை அவர்கள் சொல்லச் சொல்ல நான் துண்டு துண்டாகப் பொருத்தினேன். சில மாதங்களுக்கு முன்னால் எங்கள் இஞ்சினீயர் சார் ஊருக்கு வந்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவர் திருப்பதிக்காரர், சுத்தத் தெலுங்கு. பெரிய மனுஷன் மெனக்கெட்டு வந்திருக்கிறாரே, அவர் பாஷையிலேயே சொல்லுவோம் என்று இவர்களும் மரியாதையாகத் தெலுங்கில் சொல்லியிருக்கிறார்கள்: "மாக்கு பெத்த தொட்டி காவாலி சார்." எங்களுக்குப் பெரிய தொட்டி வேண்டும்.

அழுத்தித்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் சாருக்கு விஷயம் தெரியும். தமிழர்கள் தெலுங்கு பேசினால் தளர வேண்டிய இடமெல்லாம் இறுகிப் போகும் என்பது அவர் அனுபவம். பாவம், சரியாகச் சொல்ல வரவில்லை என்று மனசுக்குள்ளேயே திருத்தி, தளர்த்திக் கேட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகாவது எங்கேயாவது இடித்திருக்க வேண்டும். இடிக்கவில்லை. யாருக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஆடோள்ளுக்கு, பொம்பளைங்களுக்கு என்றிருக்கிறார்கள். இப்போது எங்கே போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். சேனுக்கு, அதாவது வயலுக்கு. எப்போது? விடியறதுக்கு முன்னே, இருட்டில். வயல்காரர் ஒன்றும் சொல்ல மாட்டாரா? திட்டுவார் சார், கல்லெடுத்து எறிவார், வேற வழியில்லாமல் போகிறோம். வயசுப் பெண் ஒருத்தி, இருட்டில் வரிசையில் நிற்கும்போது சண்டை வருகிறது என்றும் சொல்லியிருக்கிறாள். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாராம்.

அவர்கள் சொன்னதெல்லாம் வயலில் இருக்கும் போர்வெல் தண்ணீரைப் பற்றி. வயல்காரரின் மோட்டாருக்கு விடியற்காலையில்தான் கரண்ட் வரும். அந்தக் குழாயை நம்பித்தான் காலனி முழுக்க இருந்தது.

"டேங்க்குன்னு சொல்லியிருந்தா இந்தப் பிரச்சனையே இல்லையேக்கா" என்றேன்.

"டேங்க்குன்னா கவர்மெண்ட் கட்டறது. அது காஞ்சு கெடக்கும். அதோ பாரு, ஒண்ணு நிக்குது, அதுல காக்கா குடும்பம் நடத்துது. தொட்டின்னாத்தான் தண்ணி வரும்."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

சிரித்து முடித்த பிறகு அக்கா குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். வயல்காரர் நிலத்தை மாம்பழக்கூழ் எடுக்கும் கம்பெனிக்கு விற்றுவிட்டார். மாங்காய் சீசனுக்குள் வேலி போட்டுவிடுவார்கள். வேலி வந்தால் போர் உள்ளே போய்விடும், காலனி வெளியே நிற்கும். "அதுக்குள்ள தொட்டி வரணும். இந்த எட்டு ரூமையும் வெச்சிக்கினு நாங்க இன்னா பண்றது? தாகம் எடுத்தா உள்ள போய் உக்காந்துகினு இருக்கறதா?"

சனிக்கிழமை திருப்பதி ஆபீஸுக்குப் போய் சாரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். போனால், அவர் ஒரு பத்திரிகையை நீட்டினார். தலைமை ஆபீஸ் வெளியிடுவது, வழவழத் தாள். அதில் எங்கள் காலனிப் பெண்களின் படம். 'தாங்களாகவே ஒருமித்த குரலில் கழிப்பறை கேட்ட பெண்கள்' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. அக்கா நடுவில், குடத்தோடு.

"இத்தனை வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு ஊரை நான் பார்த்ததே இல்லம்மா" என்றார் சார். "எல்லா ஊர்லயும் கோயிலுக்கு மண்டபம் கேப்பாங்க, ரோடு கேப்பாங்க. நாமதான் கக்கூஸ் கட்டுங்கன்னு கெஞ்சணும். இவங்க தானா கேட்டாங்க. வர்ற வருஷம் ரிடயர் ஆகறேன். இது ஒண்ணு போதும் எனக்கு."

நல்ல மனிதர். என் மகளுக்கு டிபன் டப்பாவிலிருந்து இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டே இதைச் சொன்னார். நான் பத்திரிகை நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

"சொன்னியா?" என்றார் அக்கா.

"இல்லக்கா. அடுத்த வாரம்."

அடுத்த வாரம் சாருக்கு ஜலதோஷம். அதற்கடுத்த வாரம் ஆபீஸ் முழுக்க ஆடிட்டர்கள். காலனியில் நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே, "இன்னா, இன்னிக்கும் அடுத்த வாரமா?" என்று வரவேற்கத் தொடங்கினார்கள். குழந்தைக்காகப் புளியமரத்தில் புடவையில் ஏணை கட்டித் தந்ததும் அவர்கள்தான். அதிலும் ஒரு பேச்சு. "தொட்டில்னு கேட்டுடாதம்மா. உங்க சாருக்குக் காது சரியில்ல. எது வந்து நிக்கும்னு சொல்ல முடியாது."

பிளாஸ்க்கையும் விடவில்லை. நான் மூடியில் ஊற்றிக் குழந்தைக்குக் கொடுக்கும்போதெல்லாம் யாராவது ஒருத்தி, "பாப்பா குடுத்து வெச்சது. டவுன் தண்ணியை டப்பாவுல போட்டு எடுத்தாறாங்க. ஊர்த் தண்ணி குடிச்சா தேஞ்சிடும்" என்பாள். எனக்கு முகம் சுருங்கும். ஆனாலும் மறுநாள் பிளாஸ்க் வரும்.

இதற்குள் அஸ்திவாரம் முடிந்து, நாலு அறைக்குச் சுவர் எழும்பிவிட்டது. மிச்ச நாலை ஆரம்பிக்கலாமா என்று மேஸ்திரி கேட்டபோது, கம்பி வரட்டும் என்றேன். கம்பி வந்ததும் சிமெண்ட் வரட்டும் என்றேன். இரண்டும் வந்த பிறகு மேஸ்திரி என்னைப் பார்த்து, "அடுத்து மழை வரட்டுமாம்மா?" என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை கணவர் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் பண்ணுவார். குழந்தைக்குப் பல், மாமியார் முட்டி, எல்லாம் முடிந்து கடைசி நிமிஷத்தில் இதைச் சொன்னேன். துபாயிலிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் வந்தது. போன் காசு என்னுடையது இல்லை என்றாலும் நிமிஷக் கணக்கை நினைத்து எனக்கு மனசு பதறியது.

"இங்க ஒரு ஆளுக்கு ஒரு ரூம், ரூமுக்கு மூணு தொட்டி கட்டறோம். ஒருத்தரும் எந்த பாஷையிலயும் கேக்கல" என்றார். "சரி, டிராயிங்ல லைன் எப்படிப் போகுது? படி பாப்போம்."

பூத்திலேயே வரைபடத்தை விரித்துப் படித்துக் காட்டினேன். கூரை மேல் சின்ன பிளாஸ்டிக் டேங்க், அதிலிருந்து எட்டு அறைக்கும் குழாய். அந்த டேங்க்குக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று விரலால் தேடிக்கொண்டே போனேன். ஒரு அம்புக்குறி இருந்தது. அம்பின் வாலில் 'ஊர் மக்கள் ஏற்பாடு' என்று எழுதியிருந்தது.

அதாவது, பெண்கள் இருட்டில் எழுந்து, வயலுக்குப் போய், திட்டு வாங்கி, குடத்தைச் சுமந்து வந்து, ஏணி வைத்துக் கூரை மேல் ஏறி ஊற்ற வேண்டும். அவர்கள் கேட்டதற்காக.

"என்ன, லைன் இருக்கா?" என்றார் கணவர்.

"லைன்தாங்க இல்ல, நான் நாளைக்கே சார்கிட்ட போறேன்" என்று சொல்லி அவருக்கு முன்னால் நான் போனை வைத்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

மறுநாள் திருப்பதி பஸ்ஸில், தெலுங்கில் சொல்ல வேண்டிய வாக்கியத்தை உதட்டுக்குள் ஒத்திகை பார்த்தேன். ஒரு தொட்டியைத் தளர்த்த வேண்டும், இன்னொன்றை அழுத்த வேண்டும். பாகாலா தாண்டுவதற்குள் பக்கத்து சீட் அம்மாள் எழுந்து முன்னால் போய்விட்டார்.

சார் மேஜை முன்னால் நின்று சொன்னேன். "சார், மன தொட்டிக்கி தொட்டி லேது." நம் கக்கூஸுக்குத் தண்ணீர்த் தொட்டி இல்லை.

"தொட்டிக்கு எதுக்கம்மா தொட்டி?"

"தண்ணி சார். டேங்க்."

"ஓ, டேங்க்கைச் சொல்றியா. எங்க ஜனங்களும் தொட்டின்னுதான் சொல்லுவாங்க. அன்னிக்கு அந்த அம்மாகூட..." அங்கே நிறுத்தினார். பேனாவை மூடினார். பிறகு திறந்தார். "அந்த அம்மா எப்படிச் சொன்னாங்க? நீ சொல்லு."

"அழுத்தித்தான் சொல்லியிருக்காங்க சார்."

சார் உலகப் படத்தைப் பார்த்தார். நானும் வேறு இடம் இல்லாமல் அதையே பார்த்தேன்.

"நான் திருத்திக்கிட்டேன்" என்றார். "அவங்க தெலுங்கு சரியாத்தான் இருந்திருக்கு. நான் திருத்திக்கிட்டேன்." கொஞ்சம் கழித்து, "ஊர்ல எத்தனை பேருக்குத் தெரியும்?"

"ஊருக்கே தெரியும் சார். குடிபாலா டீக்கடை வரைக்கும் தெரியும்."

வேலியைப் பற்றியும் சொன்னேன். அதைக் கேட்டதும்தான் அவர் முகம் மாறியது. வெட்கத்தை ஓரமாக வைத்துவிட்டு வேலைக்கு வந்துவிட்டார். நாலு அறையோடு நிறுத்தினால், மிச்சப் பணத்தில் போர் போட்டுத் தண்ணீர்த் தொட்டியும் கட்டலாம் என்று கணக்குப் போட்டோம். ஆனால் வரைபடத்தை மாற்ற, தலைமை ஆபீஸின் வெளிநாட்டு மேடம் கையெழுத்து வேண்டும். அவர் அடுத்த வாரம் வருவதாக இருந்தது. தாங்களாகவே கழிப்பறை கேட்ட பெண்களைப் பார்க்க.

மேடம் நரைத்த கிராப்புத் தலையோடு, பெரிய ஷூவோடு வந்தார். பல நாடுகளில் கட்டடம் கட்டிக் கட்டி, மாலை போட வருகிறவர்களைக் கண்டால் ஒதுங்கி நிற்கப் பழகியவர். சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டார். பெண்கள் எதிரில். சார் பக்கவாட்டில், பேன்ட் பையில் கையை விட்டபடி. நடுவில் மொழிபெயர்க்க நான், இடுப்பில் குழந்தை.

மேடம் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "அவர்கள் என்ன கேட்டார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்க ஆசைப்படுகிறேன்."

நான் தமிழில் கேட்டேன். தண்ணீர்த் தொட்டி மட்டும் என்று அக்கா சொன்னால் சார் என்ன ஆவார்? கக்கூஸ் என்று சொன்னால் காலனி என்ன ஆகும்? எதைச் சொன்னாலும் என் வாய் வழியாகத்தான் போக வேண்டும்.

அக்கா சாரைப் பார்த்தார். சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா குடத்தைக் கீழே இறக்கி வைத்தார். நான் அப்படிப் பார்த்தது அன்றுதான். பிறகு தெலுங்கில், ஒரு எழுத்துகூடப் பிசகாமல் சொன்னார்: "மாக்கு ரெண்டு காவாலனி அடிகினாமம்மா. தொட்டி, தொட்டி." ஒன்றைத் தளர்த்தி, ஒன்றை அழுத்தி, கையாலும் காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், "ரெண்டு கேட்டோம். ரெண்டும் ஒரே மாதிரி இருந்திச்சா, சாரு ஒண்ணை எழுதிக்கினாரு. யாரா இருந்தாலும் அப்படித்தான் எழுதுவாங்க. நீ அதை இங்கிலீசுல அழகாச் சொல்லு."

அழகாகச் சொன்னேனா தெரியாது. சொன்னேன். மேடத்துக்கு வித்தியாசம் புரியவில்லை. இரண்டையும் சொல்லிக் காட்டும்படி கேட்டார். நான் சொன்னேன். அவர் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். இரண்டு தடவையும் ஒன்றே வந்தது.

"ஐயோ, அம்மா தண்ணி கேக்கறாங்களா, கக்கூஸ் கேக்கறாங்களா?" என்றாள் ஒருத்தி. "எதுக்கும் ரெண்டையும் காட்டுங்கடி."

மேடம் சிரித்தார். சாரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் வேறொரு நாட்டில் கோழிக் கொட்டகை கேட்ட ஊருக்குத் தான் வகுப்பறை கட்டிக் கொடுத்ததாகவும், அதில் இன்றுவரை கோழிகள்தான் இருப்பதாகவும், அவை நன்றாக இருப்பதாகவும் பொதுவாகச் சொன்னார். சிமெண்ட் மூட்டை மேலேயே வரைபடத்தை விரித்துக் கையெழுத்துப் போட்டார்.

போர் போட்டோம். தண்ணீர் வந்தது. தொட்டி எழும்பிப் பூச்சும் முடிந்தது. வேலியும் அந்த வாரமே வந்துவிட்டது, சொன்னதற்கு முன்னாலேயே. கம்பெனிக்காரர்கள் கல் நட்டு முள்கம்பி இழுப்பதைப் பார்த்துக்கொண்டே, பெண்கள் புதுப் போரில் கரண்ட் வரும் நேரத்துக்குப் பிடித்த தண்ணீரைத் தொட்டிச் சுவருக்கு ஊற்றினார்கள். சிமெண்ட் ஊறாமல் நிரப்பினால் விரிசல் விடும் என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன்.

"தொட்டிக்கு நாங்க தண்ணி குடுக்கறோம். அது எங்களுக்கு எப்பம்மா குடுக்கும்?" என்றார் அக்கா.

"அடுத்த வாரம்க்கா" என்றேன். சொன்ன பிறகுதான் எல்லாரும் ஏன் சிரிக்கிறார்கள் என்று புரிந்தது.

அடுத்த வாரம் கொடுத்தது. குழாயைத் திறந்து முதல் குடத்தை அக்கா பிடித்தார். அதிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு என் மகளிடம் நீட்டினார். எல்லாக் கண்ணும் என் பையில் இருந்த பிளாஸ்க் மேல் இருந்தது. தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பி, குடிக்கலாம் என்று நல்ல ரிப்போர்ட் வாங்கி, அதை நானே இவர்களுக்குப் படித்துக் காட்டியிருந்தேன். இருந்தும் ஒரு கணம் நின்றேன். அதற்குள் மகள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பாதியைக் குடித்து, பாதியை என் மேல் ஊற்றிவிட்டாள். அடுத்த இரண்டு நாளும் அவள் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. இது அக்காவுக்குத் தெரியாது.

நாலு அறைகளும் கொஞ்ச நாள் சும்மா நின்றன. ஒன்றில் வேர்க்கடலை மூட்டை இருந்தது, இன்னொன்றில் ஒரு ஆடு குட்டி போட்டது. சாரிடம் இதைச் சொல்லவில்லை. யுகாதிக்குப் பெங்களூரிலிருந்தும் தடாவிலிருந்தும் ஆம்பிளைகளும் புது மருமகள்களும் வந்து இறங்கியபோதுதான் நிலைமை மாறியது. டவுனில் இருந்து பழகியவர்கள். காலையில் அறைகளுக்கு முன்னால் வரிசை, வாளியோடு. பண்டிகை முடிந்தும் வரிசை குறையவில்லை. மூட்டையும் ஆடும் வேறு இடம் பார்த்துக்கொண்டன.

நான் போன அன்று அக்காவும் அந்த வரிசையில் நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கொஞ்சமும் கூச்சப்படாமல், "பாத்தியா? எட்டு ரூம் இருந்தா நான் இப்படி நிப்பனா?" என்றார்.

"நீங்கதானேக்கா அன்னிக்கு..."

"நான் மொதல்லருந்தே ரெண்டு தொட்டின்னுதான் சொல்லிக்கினு கீறேன். உங்களுக்குத்தான் காது சரியில்ல."

சுண்ணாம்புக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று அவர் கேட்ட முதல் கேள்வி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இருந்தாலும் அவர் சொன்ன உறுதியைப் பார்த்து, பஸ்ஸில் சித்தூர் வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன். ஒருவேளை ரெண்டு என்றுதான் கேட்டிருப்பாரோ.